அக்காவோட வெயிட் லாஸ் செலவு: 95,637 ரூபால ஒரு தடவை, 6,170 ரூபால ஒரு தடவை

எங்க அக்கா ரெண்டு தடவை உடம்பு குறைச்சுது. முதல் தடவை ஆன மொத்த செலவு 95,637 ரூபா, குறைஞ்சது 6.6 கிலோ, வருஷம் திரும்பறதுக்குள்ள அத்தனையும் திரும்பி வந்து மேல கொஞ்சம் ஏறவும் ஏறிடுச்சு. ரெண்டாவது தடவை 6,170 ரூபா, 12 மாசத்துல 8.2 கிலோ. நான் திருச்சில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், பில்லையும் வவுச்சரையும் அடுக்கறதுதான் பொழப்பு, அதனால அக்கா வீட்டு மேஜை டிராயர்ல கெடந்த பில் எல்லாத்தையும் எடுத்து ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டேன். அக்காகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், "பேரு போடாத, மத்தது எல்லாம் போடு, யாராவது ஒருத்தருக்காவது காசு மிச்சமாகட்டும்"னு சொல்லிடுச்சு.

அக்காவுக்கு 43 வயசு. ஸ்ரீரங்கத்துல வீடு, தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர், சம்பளம் 22,000. ரெண்டு பிள்ளைங்க, ரெண்டுமே சிசேரியன். உயரம் 156 சென்டிமீட்டர், 2024 பிப்ரவரில எடை 82.4 கிலோ. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பாக்கற கணக்கு, போட்டா 33.9 வருது. நம்ம இந்திய உடம்புக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடல் பருமன்னு வெச்சிருக்காங்க, வெளிநாட்டு அளவுகோல்ல இருக்கற 30 நமக்கு கிடையாது. பெண்களுக்கு இடுப்பு சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், அக்காவுக்கு 101. முட்டி வலி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது, எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டற ரத்த டெஸ்ட்) 6.1. அதாவது சுகர் இன்னும் வரல, ஆனா வாசல்ல வந்து நிக்குது. எங்க அம்மாவுக்கு 40 வயசுலயே சுகர் வந்துச்சு, அவங்க கால் புண்ணோட பட்ட பாட்டை கிட்ட இருந்து பார்த்தது அக்காதான். அழகுக்காக உடம்பு குறைக்கணும்னு அது கிளம்பல, பயந்து போய் கிளம்புச்சு. பயந்து போறவங்ககிட்டதான் பேக்கேஜ் ஈசியா விக்கும், அதை அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டோம்.

முதல் தடவை

போனது ஒரு ஸ்லிம்மிங் சென்டர், பேரு வேண்டாம். இலவச கன்சல்டேஷன்னு போன் வந்துச்சு. நானும் கூட போயிருந்தேன். ஏசி ரூம், ஒரு மெஷின் மேல ஏறி நின்னா கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு கலர் கலரா ஒரு பேப்பர் வருது. அந்த மாதிரி மெஷின் எல்லாம் உடம்புல லேசா கரெண்ட் விட்டு கணக்கு போடறது, தண்ணி குடிச்சிட்டு போனா ஒண்ணு காட்டும், குடிக்காம போனா ஒண்ணு காட்டும், இதெல்லாம் அன்னைக்கு எங்களுக்கு தெரியாது. அந்த பேப்பர்ல சிவப்பு கலர்ல "உடல் வயது 58"னு இருந்துச்சு. அக்கா அதையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, அந்தப் பொண்ணு கால்குலேட்டரை எங்க பக்கம் திருப்பி 1,10,000னு அடிச்சு, அப்புறம் அதை அழிச்சு 60,000னு அடிச்சு, "மேம், இந்த ரேட் இன்னைக்கு நைட் எட்டு மணியோட க்ளோஸ்"னு சொன்னாங்க. 90 நாள், 24 சிட்டிங், 10 கிலோ குறையும். அக்கா என் முகத்தைப் பார்த்துச்சு. நான் தலையாட்டினேன். தினமும் பில் பாக்கற நான் அந்தப் பேப்பரோட பின்பக்கத்தை திருப்பிப் பாக்காம தலையாட்டினேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

60,000ன்னு சொன்னது எப்படி வளந்துச்சுன்னு பாருங்க. அப்போ ஜிஎஸ்டி 18 சதவீதம், 10,800, சேர்த்து 70,800. கையில பணம் இல்ல, கிரெடிட் கார்டுல 12 மாச இஎம்ஐ, வட்டி 15 சதவீதம், மாசம் 6,390. வட்டி மட்டும் 5,883, அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,059 (இது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல, கார்டு இஎம்ஐ வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு), ப்ராசசிங் ஃபீஸ் வரியோட 235. ஆக 77,977. சேர்ந்த அன்னைக்கே பிளட் டெஸ்ட் பேக்கேஜ் 3,500. ராத்திரி சாப்பாட்டுக்கு பதிலா குடிக்கச் சொன்ன பவுடர் டப்பா ஒண்ணு 2,800, மூணு டப்பா 8,400. ஸ்ரீரங்கத்துல இருந்து போய்ட்டு வர ஆட்டோ 360, போனது 16 தடவை, 5,760. எல்லாம் கூட்டினா 95,637. அக்காவோட நாலு மாச சம்பளத்துக்கும் மேல.

24 சிட்டிங் எழுதி வாங்கினதுல போனது 16 தான். முழு பரீட்சை நேரம், சின்னவனுக்கு காய்ச்சல், பேப்பர் திருத்தற வேலை, இப்படி 8 போச்சு. 90 நாள் முடிஞ்சதும் மீதி சிட்டிங் காலாவதின்னு சொல்லிட்டாங்க. அப்போ ஒரு சிட்டிங்குக்கு உண்மைல ஆன செலவு 95,637 வகுத்தல் 16, கிட்டத்தட்ட 5,977 ரூபா. அந்த ஒரு சிட்டிங்ல என்ன நடக்கும்னா வயித்துல சூடான பெல்ட் கட்டி 40 நிமிஷம் படுக்க வைப்பாங்க, வேர்த்து ஊத்தும், இறங்கி எடை பார்த்தா 300, 400 கிராம் குறைஞ்சிருக்கும். வீட்டுக்கு வந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா அது திரும்பி வந்துடும். போனது வேர்வைதான், கொழுப்பு இல்ல.

ஆனா 6.6 கிலோ குறைஞ்சது நிஜம், அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். குறைஞ்சதுக்கு காரணம் பெல்ட் இல்ல, டயட் சார்ட். நாளைக்கு 1,000 கலோரிக்கு பக்கத்துல ஒரு சார்ட் கொடுத்திருந்தாங்க. காலைல ஓட்ஸ், மத்தியானம் ப்ரவுன் பிரெட்டும் வேகவெச்ச காயும், ராத்திரி பவுடர். வீட்ல மத்த மூணு பேருக்கு சோறு, சாம்பார், பொரியல், அக்காவுக்கு தனி பாத்திரம். முதல் வாரமே 2.1 கிலோ இறங்கிடுச்சு, வீட்ல ஒரே சந்தோஷம். முதல் வாரம் இறங்கறதுல பெரும் பங்கு தண்ணிதான், உடம்புல சேமிச்சு வெச்சிருக்கற மாவுச்சத்து கரையும்போது அதோட ஒட்டியிருக்கற தண்ணியும் போயிடும். அதைக் காட்டித்தான் "பாத்தீங்களா மேம்"னு அடுத்த டப்பா பவுடர் வித்தாங்க.

ஏப்ரல் கடைசில 75.8. ஜூன்ல ஸ்கூல் திறந்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ரெண்டு விதமா சமைக்கற வேலை எத்தனை நாளைக்கு ஓடும்? ஓட்ஸ் நின்னுச்சு, சென்டர்ல இருந்து வந்த போனும் நின்னுச்சு, வந்த ஒண்ணு ரெண்டு போனும் "மெயின்டனன்ஸ் பேக்கேஜ்" விக்கத்தான். தீபாவளிக்கு 79. 2025 பிப்ரவரில 83.1. அன்னைக்கு கடைசி இஎம்ஐ கட்டி ஒரு வாரம்கூட ஆகல.

ஒரு கிலோ குறைக்க என்ன செலவாச்சுன்னு பாக்கணும்னா 2024 ஏப்ரல்ல 95,637 வகுத்தல் 6.6, அதாவது 14,490 ரூபா. வருஷம் கழிச்சு பாத்தா வகுக்க கீழ எண்ணே இல்ல. எடைக் குறைப்புக்கு விலை பாக்கும்போது எத்தனை கிலோ குறையும்னு கேக்கறோம், ஒரு வருஷம் கழிச்சு எத்தனை கிலோ குறைஞ்ச மாதிரியே நிக்கும்னு யாரும் கேக்கறதில்ல, நாங்களும் கேக்கல.

அந்த 8 சிட்டிங்

இது காசு விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல "கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது"ன்னு இருந்துச்சு. நிறைய பேர் அதைப் பார்த்ததும் அவ்வளவுதான்னு விட்டுடறாங்க. அப்படி விடத் தேவையில்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, குறைபாடுள்ள சேவைக்கு பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள பணத்தை திருப்பித் தர மறுக்கறதை நியாயமற்ற வணிக முறைன்னு எழுதியிருக்கு. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைப் பத்தியும் தனியா இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல நாம கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா வழக்குக்கு கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே பேசலாம், பிரச்சனை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

நாங்க வழக்கு வரைக்கும் போகல. 2025 மார்ச்ல நான் ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதினேன். 60,000ஐ 24ஆல வகுத்தா சிட்டிங் 2,500, கொடுக்காத 8 சிட்டிங்குக்கு 20,000, அதுக்கு ஜிஎஸ்டி 3,600, மொத்தம் 23,600 திருப்பித் தரணும்னு கேட்டு பதிவுத் தபால்ல போட்டோம். பதிலே இல்ல. அப்புறம் 1915 நம்பர், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அதுல புகார் பதிவு பண்ணி பில், பேமெண்ட் ஸ்லிப், சிட்டிங் கார்டு மூணையும் போட்டோ எடுத்து போட்டோம். ஒரு மாசத்துல சென்டர் மேனேஜரே கூப்பிட்டாரு. பேசி பேசி 15,000க்கு வந்துச்சு, அக்கா "போதும்டா, விட்டுடு"ன்னு சொல்லிடுச்சு, வாங்கிக்கிட்டோம். அதைக் கழிச்சாலும் செலவு 80,637. ஆனா ஒரு லெட்டரும் ஒரு புகாரும் 15,000 ரூபா, சிட்டிங் கார்டை அக்கா தூக்கிப் போடாம வெச்சிருந்ததாலதான் அது நடந்துச்சு. எத்தனை நாள் போனோம்னு தேதியோட கையெழுத்து இருக்கற எந்த அட்டையையும் தூக்கிப் போடாதீங்க.

இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிம், ஹெல்த் கிளப், யோகா சென்டர், சலூன் மாதிரி சேவைக்கெல்லாம் ஜிஎஸ்டி 18ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. இப்போ எங்கயாவது சேரப் போறீங்கன்னா பில்லுல இன்னும் 18 போட்டிருந்தா எந்த தலைப்புல போட்டிருக்கீங்கன்னு கேளுங்க. 60,000 ரூபா பில்லுல அந்த வித்தியாசம் மட்டும் 7,800.

நடுவுல மாமா கதையும் சொல்லணும். அக்கா கூடவே அவரும் ஆர்வமா ஜிம்ல வருஷ சந்தா 9,600 கட்டினாரு, ஏன்னா மாசம் மாசம் கட்டினா 1,200, வருஷத்துக்கு கட்டினா 800தான் விழும்னு கணக்கு. போனது மொத்தமே 31 நாள், ரெண்டு மாசத்துக்குள்ள முடிஞ்சு போச்சு. மாசக் கணக்குல கட்டியிருந்தா 2,400ல முடிஞ்சிருக்கும், இப்போ ஒரு நாளைக்கு 310 ரூபா விழுந்துச்சு. அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அமெரிக்கால 2006ல வந்த ஒரு பொருளாதார ஆய்வுல இதே கதைதான், 70 டாலருக்கு மேல மாச சந்தா கட்டினவங்க மாசத்துக்கு சராசரியா 4.3 தடவைதான் போயிருக்காங்க, ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல ஆயிருக்கு, அதே ஜிம்ல 10 டாலருக்கு ஒரு தடவைன்னு பாஸ் வாங்கியிருக்கலாம். நாளைக்கு நாம எப்படி இருப்போம்னு நினைச்சு பணம் கட்டறோம், போறது இன்னைக்கு இருக்கற நாம. முதல் மூணு மாசம் மாசக் கட்டணம் கட்டுங்க, அட்டெண்டன்ஸைப் பார்த்துட்டு அப்புறம் வருஷத்துக்கு யோசிங்க.

ரெண்டாவது தடவை

83.1க்கு வந்ததும் அக்கா ரொம்ப ஒடிஞ்சு போச்சு. மாமா எடை குறைக்கற ஊசி பத்தி பேச ஆரம்பிச்சாரு, அப்போதான் டிர்செபடைட் ஊசி இந்தியால வந்திருந்துச்சு, 2025 மார்ச். வாரம் ஒரு ஊசி, 2.5 மில்லிகிராம் 3,500 ரூபா, 5 மில்லிகிராம் 4,375. மாசம் 14,000ல இருந்து 17,500. அக்கா சம்பளத்துல வீட்டுக்கு மிச்சம் என்ன இருக்கும்? டாக்டர்கிட்ட கேட்டோம், இப்போதைக்கு வேண்டாம், முதல்ல சாப்பாடும் நடையும் ஆறு மாசம் பார்க்கலாம்னு சொன்னாரு. ஊசி வேலை செய்யலன்னு நான் சொல்ல வரல, நல்லாவே செய்யுது, சிலருக்கு அது கட்டாயம் தேவையும்கூட. ஆனா செமாக்ளூடைட்னு இதே மாதிரி இன்னொரு ஊசில நடந்த ஆய்வுல மருந்தை நிறுத்தி ஒரு வருஷத்துல குறைஞ்ச எடைல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருக்கு. அந்த மருந்தோட காப்புரிமை இந்தியால 2026 மார்ச்சோட முடியறதால விலை இறங்கற மருந்துதான், இருந்தாலும் கணக்கு போடும்போது மூணு மாசத்துக்கு போடாதீங்க, வருஷக் கணக்குல போட்டு தாங்குமான்னு பாருங்க. இன்சூரன்ஸ் தரும்னு நினைச்சு இறங்காதீங்க, எடைக் குறைப்பு சிகிச்சை பொதுவா விலக்குப் பட்டியல்லதான் இருக்கு, பிஎம்ஐ 40க்கு மேல, இல்ல 35க்கு மேல கூடவே கடுமையான நோயும் இருந்து டாக்டர் சொல்லி பண்ற ஆபரேஷனுக்குத்தான் வழி.

எனக்கு அப்போ ஒரு பழைய ஆய்வு கண்ணுல பட்டுச்சு, நம்ம சென்னைல நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, 2006ல வெளியாச்சு. சுகர் வர்ற நிலைல இருந்த 531 பேரை நாலு குழுவா பிரிச்சு மூணு வருஷம் பார்த்திருக்காங்க. எந்த உதவியும் இல்லாத குழுல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு, சாப்பாடும் நடையும் சொல்லிக் கொடுத்த குழுல 39.3 சதவீதம். இதுல எனக்கு தூக்கிவாரிப் போட்டது என்னன்னா அந்தக் குழுவுக்கு ஜிம்மும் இல்ல, மெஷினும் இல்ல, பவுடரும் இல்ல. நேர்ல சொல்லிக் கொடுத்தாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாங்க, மாசம் ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டாங்க. சராசரி எடைகூட பெருசா இறங்கல, இருந்தும் சுகர் வர்றது குறைஞ்சிருக்கு. மூணு வருஷத்துக்கு ஒருத்தருக்கு ஆன மருத்துவச் செலவு 225 டாலர், அந்தக் காலத்து மதிப்புல பத்தாயிரம் ரூபா பக்கம்.

அப்போதான் எனக்கு புரிஞ்சுது, அந்த சென்டர்ல நாம காசு கொடுத்த எத்தனையோ விஷயத்துல உண்மைலயே விலை கொடுக்கலாம்ங்கற மாதிரி இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், வாரா வாரம் ஒருத்தர் எடை பார்த்து எழுதினது. அது நின்னதும் எல்லாம் நின்னுச்சு. மத்தது எல்லாம் வேற இடத்துல சும்மாவோ சல்லிசாவோ கிடைக்குது. அந்த ஒண்ணை எப்படி வருஷம் முழுக்க ஓட்டறதுங்கறதுதான் கேள்வி.

பரிசோதனைல ஆரம்பிச்சோம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, சுகர் ரெண்டும் இலவசம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பாக்கறாங்கன்னு தெரியும், ஆனா அது வயசானவங்களுக்குத்தான்னு நினைச்சு விட்டிருந்தோம், அது தப்பு. எச்பிஏ1சி மட்டும் வெளிய லேப்ல ஆரம்பத்துல ஒண்ணு, வருஷக் கடைசில ஒண்ணு, 500 வீதம் 1,000. முன்னாடி 3,500 கொடுத்து எடுத்த பேக்கேஜ்ல 60 சொச்சம் டெஸ்ட் இருந்துச்சு, டாக்டர் பார்த்தது அஞ்சாறுதான்.

டயட்டீஷியன் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணல. ஒரு ஆஸ்பத்திரி ஓபில இருக்கற டயட்டீஷியன், முதல் தடவை 600, அப்புறம் 300 வீதம் அஞ்சு தடவை, மொத்தம் 2,100. பேக்கேஜ் கிடையாது, போனா காசு, போகலன்னா இல்ல. அந்தம்மா முதல்ல கேட்டதே "வீட்ல யாரு சமைக்கறா, எத்தனை பேருக்கு, மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய்?" அக்கா 5 லிட்டர்னு சொல்லுச்சு. அவங்க அங்கயே ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினாங்க. 5 லிட்டர் எண்ணெய் 4,550 கிராம், நாலு பேர், 30 நாள், ஆளுக்கு தினம் 38 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டில 2,000 கலோரி சாப்பாட்டுக்கு 27 கிராம்தான். மூணு லிட்டருக்கு இறக்கினா ஆளுக்கு 23 கிராம் பக்கம் வரும், தினம் 135 கலோரி அங்கயே போச்சு, யாரும் பட்டினி கெடக்க வேணாம், தனி பாத்திரமும் வேணாம்.

அக்கா பண்ணின வேலை இதுதான். கேன்ல இருந்து நேரா வாணலில சாய்க்கறதை நிறுத்திட்டு, ஒண்ணாம் தேதி மூணு லிட்டரை தனியா ஒரு தூக்குல ஊத்தி வெச்சிடுச்சு. மாசத்துக்கு அதுதான். தாளிக்க ஒரு சின்ன ஸ்பூன், அதைத் தூக்கு மூடிலயே நூல் போட்டு கட்டி வெச்சுது, ஏன்னா ஸ்பூன் காணாம போனாத்தான் கை சாயும்னு அதுக்கே தெரியும். முதல் மாசம் 24ஆம் தேதியே தூக்கு காலி, கடைசி ஒரு வாரம் ரசம், கீரைக் கடைசல், இட்லின்னு ஓட்டுச்சு. மூணாவது மாசம் 30ஆம் தேதி வரைக்கும் தாங்கிடுச்சு. கடலெண்ணெய் லிட்டர் 190, மாசம் 380 மிச்சம், வருஷத்துக்கு 4,560. முதல் தடவை பணம் கொடுத்து எடை குறைச்சோம், இந்த தடவை எடை குறைஞ்ச இடத்துலயே பணமும் வந்துச்சு.

அரிசியை நிறுத்தச் சொல்லல. தட்டுல ரெண்டு கரண்டி சோறு குறைச்சு அந்த இடத்துல பொரியல், கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ. செவ்வாய், வெள்ளில முட்டை கிடையாது, அன்னைக்கு தயிர் கூடுதல். ஓட்ஸ் வேணுமான்னு கேட்டதுக்கு "இட்லி பிடிக்குமா? அப்போ மூணு இட்லி, சாம்பார் நிறைய காய் போட்டு"ன்னு முடிச்சிட்டாங்க. எந்த டயட் பெருசுங்கற சண்டைக்கு அமெரிக்கால 2018ல 609 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, கொழுப்பு குறைச்சவங்க ஒரு வருஷத்துல 5.3 கிலோ, மாவு குறைச்சவங்க 6 கிலோ, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்போ நம்ம வீட்ல ஏற்கெனவே வேகற சாப்பாட்டுல எது நிலைக்குமோ அதுதான் சல்லிசு. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் பேக்கரில டீயும் பப்ஸும் வழக்கம், அதுக்கு பதிலா காலைலயே ஒரு டப்பால சுண்டல் கட்டிக்கிட்டு போய் நாலு மணிக்கு ஸ்டாஃப் ரூம்லயே சாப்பிட்டுடும். தென்னூர் உழவர் சந்தைல வாரம் ஒரு தடவை காய் வாங்கறோம், காய், முட்டை, பயறு செலவு மாசம் 1,100 கூடிச்சு, எண்ணெய், பேக்கரி, நொறுக்குத் தீனில கிட்டத்தட்ட 1,400 குறைஞ்சுது. மளிகை நோட்டுல எழுதி வெச்ச கணக்கு இது, மாசம் 300 மிச்சம்தான், அதிகச் செலவு இல்ல.

நடைக்கு கோயிலைச் சுத்தி இருக்கற உத்திர வீதி. விடிகாலை அஞ்சரைக்கு வண்டி இல்ல, வெளிச்சம் இருக்கு, கோயிலுக்கு போறவங்க நடமாட்டம் இருக்கறதால பயமும் இல்ல. ஒரு சுத்து அக்கா நடைக்கு 20 நிமிஷம், ரெண்டு சுத்து. ஷூ ஒண்ணு 1,800, அதுல மட்டும் விலை பாக்க வேணாம்னு நான்தான் சொன்னேன், முட்டி வலிக்கறவங்க ரப்பர் செருப்போட நடந்தா ரெண்டாவது வாரமே நின்னுடுவாங்க.

இப்போ அந்த முக்கியமான ஒண்ணு, எழுதறது. தெருவுல மூணு பேரை அக்கா சேத்துக்கிச்சு, எல்லாருமே நாப்பதைத் தாண்டினவங்க. 900 ரூபாய்க்கு ஒரு எடை மெஷின், 350க்கு சமையல் தராசு, தையல் டேப் 20. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு அக்கா வீட்டு திண்ணைல நாலு பேரும் எடை பார்த்து ஒரு நோட்டுல எழுதுவாங்க. ஆளுக்கு மாசம் 200 ரூபா ஒரு உண்டியல்ல போடறது, வாரா வாரம் வந்து எடை பார்த்தா மாசக் கடைசில 200ம் திரும்ப வந்துடும், ஒரு வாரம் வரலன்னா 50 கழியும், கழிஞ்சது பொதுவுக்கு. எடை குறையலன்னு யாருக்கும் காசு கழிக்கக் கூடாதுன்னு அக்கா கறாரா சொல்லிடுச்சு, ஏன்னா அப்படி வெச்சா சனிக்கிழமை ராத்திரி பட்டினி கெடப்பாங்க. வந்து நிக்கறதுக்குத்தான் காசு. பணத்தைப் பணயம் வெச்சு எடை குறைக்கறதை 2008ல அமெரிக்கால 57 பேரை வெச்சு சோதிச்சிருக்காங்க, சொந்தக் காசு போட்டவங்க 16 வாரத்துல சராசரி 6.4 கிலோ குறைச்சாங்க, வெறுமனே மாசம் மாசம் எடை பார்த்தவங்க 1.8 கிலோ. ஆனா காசு நின்னதும் திரும்பவும் ஏற ஆரம்பிச்சு, ஏழாவது மாசத்துல ரெண்டு குழுவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் நிக்கல. அதனாலதான் உண்டியலை மூணு மாசத்தோட நிறுத்தாம இன்னும் ஓட்டறாங்க. வருஷத்துல அக்காவுக்கு ஒரு காசும் கழியல, காய்ச்சல் வந்த வாரம்கூட போர்வையைப் போத்திக்கிட்டு வந்து நின்னுச்சு.

என் பங்கு சென்னை ஆய்வுல இருந்து எடுத்தது, ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி நான் போன் பண்ணிக் கேப்பேன். எடை, இடுப்பு, எண்ணெய் தூக்கு எத்தனாம் தேதி காலியாச்சு, மூணு கேள்விதான். திட்டறது கிடையாது, அட்வைஸும் கிடையாது.

முதல் ரெண்டு மாசம் 1.9 கிலோதான் இறங்குச்சு. அக்காவுக்கு பொறுமை போச்சு, "அங்க ஒரே வாரத்துல ரெண்டு கிலோடா"ன்னு போன்ல அழுதுச்சு. ஆடி மாசம் முழுக்க 79.4லயே நின்னுச்சு, ஒரு கிராம் அசையல, ஆனா டேப்ல இடுப்பு ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருந்துச்சு, அந்த 20 ரூபா டேப்தான் அன்னைக்கு அக்காவை நிறுத்தி வெச்சுது. தீபாவளிக்கு ஒரு கிலோ ஏறுச்சு, கார்த்திகைக்குள்ள இறங்கிடுச்சு. 2026 பிப்ரவரில 74.9. இடுப்பு 92. எச்பிஏ1சி 5.6. டாக்டர் அதைப் பார்த்துட்டு அடுத்த வருஷம் வந்தா போதும்னு அனுப்பிட்டாரு.

செலவு 1,000, 2,100, 1,800, 900, 350, 20, மொத்தம் 6,170. ஒரு கிலோவுக்கு 752 ரூபா. எண்ணெய் மிச்சத்தை இதுல கழிக்கல.

இதை அப்படியே எடுத்து எல்லாரும் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். அக்காவுக்கு தைராய்டு இல்ல, மாத்திரை எதுவும் இல்ல. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க சாப்பாட்டை குறைச்சா லோ சுகர் ஆகும், டாக்டர்கிட்ட மருந்தளவு பேசாம ஆரம்பிக்கவே கூடாது. தெருவுல மூணு பேர் கிடைச்சதும் ஒரு கொடுப்பினைதான், அந்த நாலு பேர்லயே ஒருத்தங்களுக்கு வருஷத்துல ஒரு கிலோதான் குறைஞ்சுது, அவங்களுக்கு மாமியார் படுக்கைல இருக்காங்க, விடிகாலை அரை மணி நேரம்கூட அவங்களுது இல்ல. அவங்களுக்கு எது சரிவரும்னு டயட்டீஷியன்கிட்ட கூட்டிட்டு போகணும்னு அக்கா சொல்லிக்கிட்டு இருக்கு.

மார்ச் ஒண்ணாம் தேதி ஆபீஸ்ல வருஷக் கடைசி வேலை, நான் போன் பண்ண மறந்துட்டேன். ராத்திரி ஒம்பதரைக்கு அக்காவே கூப்பிட்டுச்சு. "டேய், 75.2, இடுப்பு 92, தூக்குல இன்னும் ரெண்டு விரக்கடை எண்ணெய் இருக்கு, எழுதிக்கோ"ன்னுட்டு வெச்சிடுச்சு.